நிற்க வேண்டிய படகு

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது கேட்டவர்களுக்கே தெரியும். கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுன் கிளையில் ஆரம்பித்து, சிதம்பரம் கிளையில் ஓய்வு பெறுகிற வரைக்கும் பேட்டரிக் கடையின் சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டவள் நான். வாடிக்கையாளர்கள் நேரில் மேடம் என்பார்கள், வாசலைத் தாண்டியதும் ஆசிட்டம்மா என்பார்கள். ஆசிட் தெறித்துத் தெறித்து என் பருத்திப் புடவைகளெல்லாம் சல்லடையாக இருந்ததற்கும் அந்தப் பெயர், என் வாய்க்கும் அந்தப் பெயர். இரண்டுமே நியாயம்தான்.

உங்கள் கையில் இப்போது சார்ட் இருக்கிறது. வண்டியின் பெயரைத் தட்டினால் எந்த பேட்டரி என்று அதுவே சொல்லிவிடுகிறது. நல்லதுதான், எங்கள் காலத்தில் சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டும் அதைத்தான் செய்தது. லாரி, பஸ், டிராக்டர், டாடா ஏஸ், ஜெனரேட்டர் வரைக்கும் அதில் இருந்தன. படகு இல்லை. சார்ட்டில் இல்லாத ஒன்று கடைக்குள் நுழைகிறபோதுதான் நமக்கு எதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது விளங்கும்.

எங்கள் முதலாளி ஒரு வார்த்தை சொல்வார். “பேட்டரி செத்துப்போச்சுன்னு வர்றவன்ல பாதிப் பேரு கொன்னுட்டுதாம்மா வர்றான். எப்படிக் கொன்னான்னு கண்டுபுடி. இல்லன்னா புதுசயும் கொன்னுட்டு நம்ம கிட்டத்தான் வருவான்.” வியாபாரம் செய்கிறவர் பேசுகிற பேச்சா இது என்று அப்போது எனக்குச் சிரிப்பு வரும். தனசேகரும் மலரும் வந்த நாளிலிருந்து சிரிப்பதை விட்டுவிட்டேன்.

சுனாமிக்குப் பிறகு நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அதுவரைக்கும் தண்ணீரைப் பார்த்தாலே ஒதுங்கிப் போன ஜனம், மெல்ல மெல்ல மறுபடியும் கழிமுகத்துப் பக்கம் பொழுதுபோக்க வர ஆரம்பித்திருந்தது. தனசேகர் குமராட்சிப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பம். புதுச்சேரியில் ஃபைபர் படகு செய்கிற பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டு, தனக்கென்று சொந்தமாக ஒரு படகு செய்திருந்தான். மேலே கூரை, இரண்டு பக்கமும் பெஞ்சு, நடுவில் சாப்பிட மேஜை, பின்னால் செல்ஃப் ஸ்டார்ட் வைத்த டீசல் எஞ்சின். சிதம்பரம் கோயிலுக்கு வருகிற குடும்பங்களை பரங்கிப்பேட்டைப் பக்கம் வெள்ளாற்றுக் கழியில் சுற்றிக் காட்டுவது தொழில். மலர் அவன் மனைவி. படகில் சாப்பாடு அவள் பொறுப்பு.

ஒரு புதன்கிழமை காலை, மொபெட்டின் முன்னால் சாக்கில் சுற்றிய பேட்டரியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வந்தார்கள். தனசேகர் அதைத் தூக்கி மேஜை மேல் தடால் என்று வைத்தான்.

“புது பேட்டரி மேடம். டிராக்டர் பேட்டரி. இதோட மூணு வாட்டி படுத்துடுச்சு. வாரண்டில மாத்திக் குடுங்க.”

“மேஜ என்ன பாவம் பண்ணுச்சு? மெதுவா வைய்யி,” என்றேன். எடுத்த எடுப்பிலேயே எங்கள் இருவருக்கும் ஆகவில்லை.

சோதித்துப் பார்த்தேன். ஆறு செல்லும் ஒரே அளவில் இறங்கியிருந்தன. பழுதான பேட்டரி என்றால் பெரும்பாலும் ஒரு செல் மட்டும் கிடந்து முனகும், மற்றவை சமர்த்தாக இருக்கும். ஆறும் சேர்ந்து இறங்கியிருந்தால் அதற்கு நோய் இல்லை, பசி. அதைச் சொன்னேன்.

“அப்ப மூணு வாட்டி ஏன் படுத்துச்சு?” என்றான்.

“சார்ஜ் ஏத்துனா எவ்ளோ நேரம் நிக்குது?”

“ரெண்டு மணி நேரம் நிக்கும். சில நாளு மூணு.”

“ரெண்டு மணி நேரந்தானா? என்ன போட்டு ஓட்டுற?”

“ஒண்ணும் ஓட்டலிங்க. நிக்கும்னுதான சொல்றேன்.”

“அதத்தான் நானும் கேக்கறேன். ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஏன் நிக்கல?”

“எதுக்கு மேடம் மேல நிக்கணும்? சாப்ட்டு முடிச்சா கெளம்ப வேண்டியதுதான.”

நானும் தனசேகரும் ஒருத்தரை ஒருத்தர் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தோம். மலர்தான் வாயைத் திறந்தாள். “மேடம், நீங்க பேட்டரியக் கேக்கறீங்க. இவரு படகச் சொல்றாரு. படகுதான் ரெண்டு மணி நேரம் நிக்கும்.”

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் ஊரில் சார்ஜ் தங்கினாலும் ‘நிக்குது’ என்போம், வண்டி ஓடாமல் போனாலும் ‘நிக்குது’ என்போம், வேண்டுமென்றே நிறுத்திவைத்தாலும் ‘நிக்குது’தான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவன் ஒரு திசையிலும் நான் ஒரு திசையிலும் போய்க்கொண்டிருந்தோம். ஆனால் கொலை எப்படி நடந்தது என்பது அந்த வார்த்தைக்குள்தான் இருந்தது. படகு ஓடுகிற நேரம் கொஞ்சம், நிற்கிற நேரம்தான் அதிகம். மணல் திட்டு ஓரமாக நங்கூரம் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, ஜனங்கள் சாப்பிடுவார்கள், பாட்டுக் கேட்பார்கள், பறவை பார்ப்பார்கள்.

“நிக்கும்போது என்னென்ன ஓடும்?” என்று கேட்டேன்.

“ஃபேன் நாலு. கலர் லைட்டு. ஆம்ப்ளிஃபயர், ரெண்டு ஸ்பீக்கர் பொட்டி.”

“எல்லாம் இதுலயேவா?”

“வேற எதுல?”

சரிதான், கொலையாளி கிடைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டே பேட்டரியின் மேல்பக்கத்தைப் பார்த்தேன். ஆறு மூடியிலும் நடுவில் கச்சிதமாக சந்தனம், அதன் மேல் குங்குமம். ஆயுத பூஜை முடிந்த வாரங்களில் நீங்களும் இதைப் பார்ப்பீர்கள். வட்டமாக ஆறு மூடியைப் பார்த்தால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. ஆனால் அந்த மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கிறது, பேட்டரி மூச்சு விடுகிற துளை. சார்ஜ் ஏறும்போது வருகிற வாயு அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சந்தனம் காய்ந்து அடைத்துக்கொண்டால் பெட்டி உப்பும். ஒரு பொறி பட்டால் வெடிக்கவும் வெடிக்கும். நான் ஊசியை எடுத்துச் சுரண்டப் போனேன். மலர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத அழிக்காதீங்க மேடம். எங்கண்ணன் வச்சது.”

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. மலரின் அண்ணன் ஏழுமலை நெல்லிக்குப்பத்துக்காரர். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற டிராக்டர் வைத்திருப்பவர். மலர் தன் விருப்பப்படி தனசேகரைக் கட்டிக்கொண்டதிலிருந்து அவர் தங்கையோடு பேசவில்லை. குழந்தைக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி இல்லாமல் வேறு யார் மடியிலோ உட்காரவைத்துக் குத்தினார்களாம். அதைச் சொல்லும்போதே அவள் கண் கலங்கியது. படகைத் தண்ணீரில் இறக்குகிற அன்று, கூப்பிடாமலே, பழத்தட்டோடு வந்து நின்றாராம் மனிதர். தோளில் மாலை போட்ட புது பேட்டரி. மூடிக்கு மூடி தன் கையால் பொட்டு வைத்து எஞ்சின் பக்கத்தில் இறக்கிவிட்டு, “என் தங்கச்சி வூட்டு படகு எங்கயும் நிக்கக் கூடாது” என்றாராம். அத்தனை வருடம் கழித்து அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அப்படிப்பட்ட பேட்டரிதான் மூன்று முறை படுத்துவிட்டது. மூன்றாவது முறை எஞ்சின் கிளம்பாமல் கிடக்கையில், கடல் வற்றத்தோடு ஆற்றிலும் தண்ணீர் வற்றி, படகு சேற்றில் உட்கார்ந்து, வந்திருந்த பெரியவர் ஒருவரை இரண்டு பேர் தூக்கிக் கரை சேர்த்திருக்கிறார்கள். இது எதுவும் அண்ணனுக்குத் தெரியாது.

“வர்ற ஞாயித்துக்கெழம எங்கண்ணன் பொண்ணுக்குப் பாத்திருக்கற மாப்ள வூட்டுக்காரங்கள படகுக்குக் கூட்டியாறாரு,” என்றாள் மலர். “என் தங்கச்சி படகு, நான் வாங்கிக் குடுத்த பேட்டரின்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. அன்னிக்கு நடு ஆத்துல கெளம்பாம போச்சுன்னா, மாப்ள வூட்டுக்காரங்க சகுனம் பாப்பாங்க. எங்கண்ணன் அதோட என் வாசப்படி மிதிக்க மாட்டாரு. இதே மாதிரி, இதே கலர்ல, இன்னொண்ணு குடுங்க மேடம். மாத்துனது தெரியக் கூடாது.”

கேட்டதை எடுத்துக் கொடுத்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அதே பேட்டரி எங்கள் கிடங்கில் இருந்தது. ஒரே மாதிரி இன்னொன்று என்றால் ஒரே மாதிரி இன்னொரு முறை படுக்கும் என்பதுதான் அதன் அர்த்தம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை சம்பந்திகளை வைத்துக்கொண்டு. வேண்டாம், நாளைக்குப் படகைப் பார்க்க வருகிறேன் என்றேன். தனசேகர் முகம் சுளித்தான். பேட்டரி வாங்க வந்தால் படகைப் பார்க்க வருகிறேன் என்கிறாளே இவள் என்று நினைத்திருப்பான்.

வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன். அழகான படகு. வேலை தெரிந்தவன் கை என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் ஒயர்கள்தான் புடலங்கொடி மாதிரி எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து அண்ணன் பேட்டரியின் தலையில் ஏறியிருந்தன.

தனசேகர் முந்தின நாள் முழுக்க யோசித்திருக்கிறான். “லாரி பேட்டரி போட்டா என்ன மேடம்? பெருசா இருக்குதில்ல?”

எல்லோரும் செய்கிற தப்பு இது. படுத்துவிட்டதா, அதைவிடப் பெரியதாகப் போடு. டிராக்டர் பேட்டரிக்கும் லாரி பேட்டரிக்கும் தெரிந்த வேலை ஒன்றுதான், ஒரு மூச்சில் மொத்த பலத்தையும் கொடுத்து எஞ்சினை எழுப்பிவிடுவது. மூட்டை தூக்குகிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். நெல் மூட்டையை ஒரே தம்மில் தூக்கி லாரியில் போட்டுவிடுவார். அதே ஆளைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்து நாற்று நடச் சொன்னால் இடுப்பு ஒடிந்துவிடும். அதற்கு நடவு ஆள் வேண்டும். பேட்டரியில் அந்த நடவு ஆள் ட்யூபுலர். மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டருக்கு வாங்கி வைத்தார்களே, அது. மெதுவாகக் கொடுக்கும், நெடுநேரம் கொடுக்கும், அடிவரை இறங்கினாலும் அடுத்த நாள் எழுந்து வேலைக்கு வரும்.

“அப்ப எங்க வூட்டு இன்வெர்ட்டர் பேட்டரியவே தூக்கியாந்துடறேன்,” என்றான் உடனே.

அது உயர ட்யூபுலர். வீட்டு மூலையில் அசையாமல் நிற்பதற்கானது. படகு ஆடினால் அதன் கனம் மேலே இருந்து இழுக்கும், உள்ளே ஆசிட் அலம்பும். அதே குணத்தோடு குட்டையான வகை ஒன்று உண்டு. அதைப் படகின் நீளத்துக்கு நடுவாக, பெஞ்சுக்கு அடியில், தரையோடு தரையாக, சட்டம் அடித்துக் கட்டிப் போடலாம். ஃபேன், லைட், பாட்டு எல்லாம் அதில். கரையில் கொட்டகை இருந்தது, கரண்ட் இருக்கிற நேரத்தில் அங்கேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். அண்ணன் பேட்டரி எஞ்சினுக்கு மட்டும். ஒன்றின் ஒயர் இன்னொன்றைத் தொடக் கூடாது. படகுக்குப் பொருத்தமான பேட்டரி எது என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். கிளப்புவதற்கா, நிற்கும்போது உழைப்பதற்கா என்று திருப்பிக் கேட்பேன். இரண்டுக்கும் என்றால், இரண்டு பேட்டரி.

இதுவரைக்கும் சரி. மலர்தான் மடக்கினாள். “அண்ணன் பேட்டரி அங்கயே இருக்கும். இது பெஞ்சுக்கு அடியில போயிடுமில்ல? பலகை அடிச்சு மூடிட்டா யாருக்குத் தெரியப் போவுது?”

“மூடக் கூடாது,” என்றேன். “இதுவும் மூச்சு விடற ஜாதி. காத்தாட இருக்கணும். மூடுன பெட்டியில வாயு சேந்தா நாம சம்பந்தியோட சேந்து மேல போயிடுவோம்.”

“ஸீல்டு பேட்டரின்னு ஒண்ணு இருக்காமே?”

“இருக்கு. மெட்ராஸ்ல இருந்து வரணும், ஞாயித்துக்கெழமைக்குள்ள வராது. வந்தாலும் அதயும் இறுக்கி மூட முடியாது. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்குறியே மலரு. உங்கண்ணன்கிட்ட சொல்லிடு.”

“முடியாது மேடம்.” அவள் குரல் உடைந்துவிட்டது. “அவரு குடுத்தது பத்தலன்னு நான் எப்படி என் வாயால சொல்லுவேன்?”

எனக்கு வந்த கோபத்துக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கடையிலிருந்து பேட்டரியை எடுத்துவரச் சொன்னேன். குட்டை ட்யூபுலருக்கு ஜன்னல் வைத்த மாதிரி கம்பிச் சட்டம் போட்டுக் கட்டினோம், மறைக்கவில்லை. அண்ணன் பேட்டரியின் மூடிகளை நான் சுரண்டவில்லை, மலரே ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்த கையோடு அதே சந்தனத்தைப் பெட்டியின் பக்கவாட்டில் ஆறு பொட்டாக வைத்தாள். பக்கவாட்டில் எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், பேட்டரிக்கு ஆட்சேபணை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்றேன். நாம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சரக்கு முதல் நாள் வேலை செய்கிறபோது நாம் அங்கே இருக்க வேண்டும், அது என் வழக்கம். மலருக்குப் பயம். “நீங்க வாயத் தெறக்காதீங்க மேடம்,” என்று கெஞ்சினாள்.

“நானா சொல்ல மாட்டேன். யாராச்சும் கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்,” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில், நல்ல காற்று. ஏழுமலை வெள்ளை வேட்டியும் முறுக்கிய மீசையுமாக வந்தார். அவர் பேசினால் அக்கரைக்குக் கேட்கும். மனைவி, மகள், மாப்பிள்ளைப் பையன், பையனின் அப்பா அம்மா எல்லோரும் ஏறினார்கள். பையனின் அப்பாவும் கரும்பு போடுகிறவர்தான். பேச்சில் லேசான கிண்டல் உள்ள மனிதர். மலர் என்னைத் தெரிந்தவர்கள் என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

ஏறியதுமே ஏழுமலை சம்பந்தியை எஞ்சின் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பொட்டு வைத்த பேட்டரியைக் காட்டினார். “நான் குடுத்தது. இது இருக்கற வரைக்கும் இந்தப் படகு எங்கயும் நிக்காது.”

தனசேகர் சாவியைத் திருப்பினான், எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. மணல் திட்டு வரைக்கும் போய் நங்கூரம் போட்டான். எஞ்சினை அணைத்ததும் ஃபேன் ஓடியது, பாட்டு ஓடியது. மலர் இலை போட்டு இறால் தொக்கும் சோறும் பரிமாறினாள். மாப்பிள்ளைப் பையனும் பெண்ணும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு நல்ல பசி, நன்றாகவே சாப்பிட்டேன். எல்லாம் தானாகவே முடிந்துவிடும்போல இருக்கிறதே என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் பையனின் அப்பா கால் நீட்டி உட்கார்ந்தவர், காலில் என்னமோ இடிக்கிறது என்று குனிந்து பார்த்தார்.

“இது என்னா, இன்னொரு பேட்டரியா? என்னாங்க சம்பந்தி, உங்க பேட்டரி பத்தலையா?”

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் ஏழுமலையின் முகம் அப்படியே இறுகிப்போனது. எழுந்து வந்து கம்பிச் சட்டத்துக்குள் பார்த்தார். மலர் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள், அடுத்த கரண்டி யார் இலைக்கு என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“மலரு. என்னா இது?”

“அது சும்மா மச்சான்,” என்று தனசேகர் முந்திக்கொண்டான். “ஃப்ரெண்டு ஒருத்தன் வச்சிட்டுப் போனான்.”

ஃப்ரெண்டு வைத்துவிட்டுப் போனதற்கு ஒயர் எதற்கு என்று டிராக்டர் வைத்திருப்பவருக்குத் தெரியாதா? அவர் கண் ஒயரைப் பிடித்துக்கொண்டே ஃபேன் வரைக்கும் போனது. இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் அந்தப் பொய் எல்லாவற்றையும் கெடுத்திருக்கும். உங்கள் பேட்டரி சரியில்லை என்று நான் சொன்னாலும் கெடும், ஒன்றுமில்லை என்று மழுப்பினாலும் கெடும். பேட்டரியைப் பற்றி நான் சொன்னால் அது கடைக்காரி பேச்சு. அவருக்கே தெரிந்த ஒன்றிலிருந்து அவர் வாயாலேயே வந்தால்தான் மனதில் ஏறும் என்று தோன்றியது. நெல்லிக்குப்பத்து டிராக்டர்கள் எத்தனையைப் பார்த்திருக்கிறேன் நான்.

“அண்ணே, நான் பேட்டரிக் கடைக்காரி. இத வைக்கச் சொன்னது நான்தான்,” என்றேன். “ஒண்ணு கேக்கறேன். மில்லு கேட்டுல கரும்பு லோடோட நின்னிருக்கீங்களா?”

அவர் என்னை முறைத்தார். “நிக்காம? நெல்லிக்குப்பத்துல டிராக்டர் வச்சிருக்கறவனுக்குப் பாதி வாழ்க்கை மில்லு கேட்டுலதாம்மா போவுது.”

“நிக்கும்போது என்ன பண்ணுவீங்க?”

“என்னா பண்றது. பாட்டுக் கேப்போம்.”

“லைன் நகர்றப்ப?”

பதில் சொன்னது சம்பந்திதான். “என்னா பண்ணுவாரு, டிரெய்லரக் கழட்டிட்டு நாலு பேரக் கூப்புட்டுத் தள்ளுடா தள்ளுன்னுவாரு. எனக்கும் நடந்திருக்கே. விடிய விடிய பாட்டு, விடிஞ்சதும் தள்ளு.”

“அப்ப பேட்டரிய மாத்துனீங்களா?” என்று ஏழுமலையிடமே கேட்டேன்.

“எதுக்கு மாத்தணும்? பேட்டரி மேல என்னா தப்பு? பாட்டப் போட்டது நாங்க.” சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தானே கேட்டவர்போல நின்றார். அப்புறம் ஃபேனைப் பார்த்தார், ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்தார், இலைகளைப் பார்த்தார். “இந்தப் படகுக்கு இதான் மில்லு கேட்டா?”

“ஆமாண்ணே. இதுக்குத் தொழிலே நிக்கிறதுதான். நிக்கும்போது உழைக்கறதுக்கு இது. கெளப்பறதுக்கு உங்களுது. உங்களுத இனிமே பாட்டும் தொடாது, ஃபேனும் தொடாது.”

“அப்ப இதுக்கு முன்னாடி தொட்டிருக்கு.” கெட்டிக்காரர். “படுத்துச்சா?”

மலர் என்னைப் பார்த்தாள். நான் கொடுத்த வாக்கில் பாதி இன்னும் பாக்கி இருந்தது.

“மூணு வாட்டி,” என்றேன்.

தனசேகர் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினான். தண்ணீர் படகில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஏழுமலை தங்கையின் பக்கம் திரும்பினார். அக்கரைக்குக் கேட்கிற அந்தக் குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“நீ குடுத்தது நின்னு போச்சுன்னு சொன்னா, நீயும் வர்றத நிறுத்திடுவியோன்னு பயந்துட்டேண்ணா,” என்றாள் மலர். அழுதுவிட்டாள், கரண்டியை இன்னும் கையில் பிடித்துக்கொண்டே.

அவர் மேல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், வெயில் என்று நாங்கள் நினைத்துக்கொள்ள வேண்டுமாம். சம்பந்தி அவசர அவசரமாகத் தன் இலையைப் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர், கிண்டல் செய்தவருக்கு எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

அந்தக் கல்யாணம் நடந்தது, நானும் போய்ச் சாப்பிட்டேன். படகு வெகுநாள் ஓடியது. மலர் ட்யூபுலரில் டிஸ்டில்ட் வாட்டர் மட்டம் பார்ப்பதை ஒரு வாரமும் தவறவிட்டதில்லை. ஏழுமலை தன் டிராக்டருக்குப் பாட்டுக்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரி என்னிடமே வந்து வாங்கிப்போனார், மில்லு கேட்டில் அவர் ஒருவர்தான் தள்ளாமல் கிளம்புகிறார் என்று பெருமை வேறு. நான் இப்போது கடலூரில் ஓட்டையில்லாத புடவை கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன். உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. நிக்குது என்று யாராவது வந்து சொன்னால், எது நிற்கிறது, எங்கே நிற்கிறது, நிற்கும்போது யாரெல்லாம் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அப்புறம் கிடங்குக்குப் போங்கள்.

அன்றைக்கு நடந்ததை முடித்துவிடுகிறேன். முகம் துடைத்துக்கொண்டு ஏழுமலை எஞ்சின் பக்கம் போனார். “சாவியத் திருப்பு மாப்ள, பாக்கலாம்,” என்றார். அத்தனை நேரம் ஃபேனும் பாட்டும் ஓடியிருந்தன. தனசேகர் திருப்பினான். ஒரே முறைதான், எஞ்சின் சத்தத்தோடு எழுந்துகொண்டது. தன் பேட்டரியைக் குனிந்து ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தார் ஏழுமலை. தனசேகர் நங்கூரக் கயிற்றை இழுக்கப் போனான். அவர் கையைக் காட்டித் தடுத்தார். ஆற்றைப் பார்த்தார், தண்ணீர் வற்ற இன்னும் நேரம் இருந்தது. தங்கையைப் பார்த்தார்.

“என்னா அவசரம்? ஆஃப் பண்ணு மாப்ள,” என்றார். “நிக்கட்டும்.”

திரும்ப வந்து தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். மலர் அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.